தர்லோவின் பென்சில்

ஹாம்ப்ஸ்டெட் வீட்டு ஜன்னல் வழியே மழை வெளிச்சம் புத்தக அலமாரிகளின் மேல் சாம்பலாய் விழுகிறது. பத்திரிகையாளர் பார்னபி தர்லோ இறந்து ஒரு மாதமாகிறது. அவருடைய ஒன்பதாயிரம் புத்தகங்களை நாளை வியாபாரி அள்ளிப்போகிறார். அதற்குள் நண்பர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளலாம் என்று மனைவி வினிஃப்ரட் அழைத்திருக்கிறார். லண்டனில் பேனா பிடித்த அத்தனை பேரும் தேநீர்க் கோப்பையோடு குனிந்து அவரவர் சொந்தப் புத்தகத்தைத்தான் தேடுகிறோம். படித்து முடித்த புத்தகத்தின் கடைசித் தாளில் பென்சிலால் ஒரே வரியில் தீர்ப்பு எழுதுவது தர்லோவின் வழக்கம். எங்களில் ஒருவனான ஆஸ்பர்ட் தன்னுடையதைக் கண்டுபிடித்து, பரிசு வாங்கியவன் போலக் கூவுகிறான்: "கேளுங்கப்பா! ‘இந்நூலில் பக்க எண்கள் மட்டுமே ஒழுங்கான வரிசையில் வருகின்றன.’" அறையே சிரிக்கிறது. இனி அவன் சாகும்வரை எல்லா விருந்திலும் இந்த வசையைச் சொல்லியே பெருமையடிப்பான். எனக்கு வயிறு எரிகிறது. என் புத்தகம் கீழ்த்தட்டில் இருக்கிறது. கடைசித் தாள் வெள்ளை வெளேரென்று சிரிக்கிறது. "குறையே இல்லையோ என்னவோ," என்கிறார் வினிஃப்ரட் இரக்கத்தோடு. "குறை தெரியணும்னா திறந்து பாத்திருக்கணுமே, வினிஃப்ரட்," என்கிறான் ஆஸ்பர்ட். எல்லோரும் கேக் இருக்கும் அறைக்கு நகர்கிறார்கள். மேசையில் தர்லோவின் குட்டைப் பென்சில் கிடக்கிறது. பத்திரிகை அலுவலகத்தில் இருபது வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்ததில் அவர் கையெழுத்து எனக்கு அச்சு அசலாக வரும். கதவுக்கு முதுகு காட்டி, கடைசித் தாளை விரித்து, பென்சில் முனையை நாக்கில் தொட்டபடி நிற்கிறேன். தேநீர் ஆறிவிட்டது. என்னைத் திட்ட எனக்கே ஒரு நல்ல வரி வரவில்லை.