தூணுக்குப் பக்கத்தில் ஒரு நிமிஷம்

"கயித்தைத் தாண்டாதீங்க பாய். காது கேக்கலையா?"

அதட்டியது காவலாளி ஓம்வதி. ஆக்ராவிலிருந்து மாற்றலாகி குதுப் மினாருக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அவள் குரல் கேட்டால் வேப்பமரத்துக் கிளிகள்கூடக் கிளை மாறி உட்கார ஆரம்பித்திருந்தன. அன்று யாரோ வெளிநாட்டு மந்திரி வருகிறாராம். இரும்புத் தூணைச் சுற்றியிருந்த வேலிக்குப் பத்தடி முன்னாலேயே கயிறு கட்டி, ஜனங்களை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள்.

தூக்கிய காலைக் கீழே வைத்தார் குர்ஷித் பாய். வயது அறுபதைத் தொட்டிருக்கும். கையில் ரோஜா இதழ்ப் பொட்டலம். பக்கத்தில் அவர் மகள் நுஸ்ரத், தோளில் பயணப் பையோடு.

"ஒரே நிமிஷம் மேடம்ஜி. கிட்டப் போய், கையால தொட்டு, நன்றி சொல்லிட்டு வந்துடறேன். பொண்ணுக்கு லக்னோவில நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு. வீட்டைக் காலி பண்ணிட்டுக் குடும்பத்தோட போறோம். நாலு மணிக்கு ரயில். இனிமே இந்தப் பக்கம் வருவேனாங்கறதே சந்தேகம்."

"அப்ப இங்கேருந்தே சொல்லிட்டுக் கிளம்புங்க. ரயிலாவது கிடைக்கும்."

"தொடாம போனா மனசு ஆறாதுஜி."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. முதுகைக் காட்டி நின்னு, கையைப் பின்னால கொண்டுபோய்த் தூணைக் கட்டிப்பிடிக்கணும். விரலும் விரலும் தொட்டுக்கிட்டா நினைச்சது நடக்கும். அதானே?" ஓம்வதி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஆயிரத்து அறுநூறு வருஷமா வெயில்லயும் மழையிலயும் நிக்குது. எண்ணெய் பூசினதில்ல, பெயிண்ட் அடிச்சதில்ல. அது மேல தானாவே ஒரு மெல்லிசான தோல் படிஞ்சிருக்கு. துருப்பிடிக்காம காப்பாத்தறதே அதுதான். நீங்கள்லாம் வேர்வைக் கையால கட்டிப்பிடிச்சுக் கட்டிப்பிடிச்சு அந்தத் தோலைத் தேச்சு எடுத்தீங்க. அப்புறம் வேலி போடாம என்ன பண்ணுவாங்க?"

"தெரியும்ஜி. பதினெட்டு வருஷமா பார்க்கறேனே. எத்தனை மழை பேஞ்சாலும் அதுல ஒரு பொட்டு புதுத் துரு ஏறாது."

"பதினெட்டு வருஷமாவா? அவ்வளவு நாளா வர்றீங்களா?"

"வருஷா வருஷம் மழை விட்டதும் வந்துடுவேன். ரெண்டு நாள் இங்கேயேதான் இருப்பேன்."

"தொடவும் விட்டாங்களா?"

"விட்டாங்களாவா? முன்னால இருந்த காவலாளிங்க டீ வாங்கிக் கொடுத்துப் பக்கத்துலயே உட்கார்ந்திருப்பாங்க."

ஓம்வதிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "அப்படியா சங்கதி? அதுக்கு எவ்வளவு வாங்கினாங்க?"

நுஸ்ரத் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்பா, பேசாம விஷயத்தைச் சொல்லிடுங்களேன்."

"சொன்னா சிரிப்பாங்க. நீ சும்மா இரு. வேலை கிடைச்சதும் வாயும் கிடைச்சிடுச்சா?"

மகளின் முகத்தைப் பார்த்ததும் ஓம்வதியின் குரல் கொஞ்சம் தணிந்தது. அவளுக்கும் பன்னிரண்டாவது படிக்கிற பெண் இருக்கிறாள்.

"சரி, அப்படி என்னதான் வேண்டிக்கிட்டீங்க?"

"ஒண்ணுமே வேண்டிக்கலை." குர்ஷித் பாய் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "மழைக்காலம் வந்தா எனக்கு மூணு மாசம் வேலையே இருக்காது. பாதி நாள் அடுப்பு எரியாது. பொண்ணைப் படிப்பை விட்டு நிறுத்திடலாம்னு வீட்ல பேச்சு வரும். ஒவ்வொரு வருஷமும் அந்த நேரத்துல இதுதான் எனக்குக் கைகொடுத்துச்சு. கேக்காமலே கொடுத்துச்சு மேடம்ஜி. அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ரயில் ஏறினா நான் மனுஷனே இல்ல."

நுஸ்ரத் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஓம்வதி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். மந்திரியின் கார்களை இன்னும் காணோம். இங்கே கேட்க வந்தவர்களையே பார்த்து அலுத்துப்போனவள் அவள். கொடுத்ததற்கு நன்றி சொல்ல ஒருவர் பொட்டலத்தோடு வந்து நிற்பதை இன்றுதான் பார்க்கிறாள். இவரைத் துரத்திவிட்டு ராத்திரி சப்பாத்தி இறங்குமா என்று யோசித்தாள். கயிற்றை மெல்லத் தூக்கிப் பிடித்தாள்.

"சீக்கிரம் போங்க. கை மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் போச்சு, மந்திரி முன்னாடியே சட்டையைப் பிடிச்சு இழுப்பேன்."

"போகாது மேடம்ஜி. உங்களை அல்லா நல்லா வைக்கட்டும்."

குனிந்து உள்ளே போன குர்ஷித் பாய் தூணை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வேலியின் அடியில் மண்டியிட்டு, இதழ்களை அங்கேயே தூவினார். பெயிண்ட் உப்பி, செம்பழுப்பாகத் துரு கிளம்பியிருந்த ஒரு கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"பதினெட்டு வருஷம் உனக்குத் துரு சுரண்டிப் பெயிண்ட் அடிச்ச கை இது," என்றார். "நீயும் உள்ள நிக்கற தூண் பெரியவரை மாதிரியே துருப்பிடிக்காம நின்னிருந்தா, என் பொண்ணு படிச்சிருக்கவே மாட்டா."