சாம்பலுக்கு வந்த ஓலை

இரண்டு கைகளையும் குவியலுக்குள் விட்டுத் துழாவினாள்.

காய்ந்த ஓலை விரலைக் கீறியது. நிறுத்தவில்லை.

பக்கத்தில் கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை தீப்பெட்டியோடு நின்றார். நாளை விபூதிப் புதன். ஊரார் வீடுகளிலிருந்து கொண்டுவந்து கொட்டிய போன வருஷத்துக் குருத்தோலைகள் எரிந்தால்தான் நெற்றியில் பூசச் சாம்பல்.

கம்மல் திருகாணி விழுந்துவிட்டது என்று சொல்லியிருந்தாள்.

பொய்.

யாரோ ஒரு சாக்கைக் கவிழ்த்தபோது அவள் பார்த்தது வேறு. ஓலைகளுக்கு நடுவே, ஒரே ஒரு நொடி, சிவப்பு நூல்.

சந்தியாகு சிவப்பு வலைநூலில்தான் முடிச்சுப் போடுவான். குருத்தோலை ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஓலையைச் சிலுவையாக முடைந்து, நடுவில் நூலைச் சுற்றி, பல்லால் இழுத்து இறுக்குவான். ஊரில் வேறு யாருக்கும் அந்தக் கிறுக்கு கிடையாது.

ஆடிக் காற்றில் வள்ளத்தோடு போனான் அவள் புருஷன் சந்தியாகு. உடல்கூடக் கிடைக்கவில்லை.

கூடப் போன லிகோரி மட்டும் நீந்திக் கரையேறினான். மணலில் விழுந்து புரண்டு அழுதான். அன்றிலிருந்து அவள் வீட்டுக்கு அரிசி, மீன், கூரைக்குத் தகரம் எல்லாம் அவன்தான். உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் இருவருக்கும் கல்யாணம். பங்குச் சாமியாரிடம் சொல்லியாகிவிட்டது.

இப்போதும் லிகோரி வந்து பக்கத்தில் குந்தினான். தேட உதவுகிறானாம். போனால் போகட்டும், புதுசு வாங்கித் தருகிறேன், எழுந்திரு என்றான். குரலில் கரிசனம். கண் மட்டும் அவள் கைகளை விட்டு நகரவில்லை.

அவள் விரல் முடிச்சில் முட்டியது.

மூச்சுக் காட்டாமல் அதை முந்தானைக்குள் சுருட்டினாள்.

கோயில்பிள்ளைக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏ பிள்ள, நீ நின்னது கொடிமரத்துக்கிட்ட. இது லிகோரி வீட்டுச் சாக்குல்லா. ஒன் திருகாணி இங்க பறந்தா வந்துச்சு?"

யாரும் சிரிக்கவில்லை.

லிகோரி மெல்ல எழுந்தான். தீப்பெட்டிக்குக் கை நீட்டினான். தானே கொளுத்துகிறானாம்.

முதல் குச்சி அணைந்தது. அடுத்ததும்.

காற்றே இல்லை.

பூசையில் சாமியார் மந்திரித்த ஓலையைக் குப்பையில் போட அந்தக் கரையில் எவனுக்கும் கை வராது. கடலில் வீசவும் வராது. வருஷம் முழுக்க வைத்திருந்து கோயிலுக்குத்தான் கொண்டுவர வேண்டும்.

எந்தப் பாவிக்கும் அதே பழக்கம்தான்.

குவியல் பற்றிக்கொண்டது. அவள் பக்கம் திரும்பாமலே லிகோரி கேட்டான்.

"கெடச்சிட்டா?"

"கெடச்சிட்டு."

முந்தானைக்குள் முடிச்சு உறுத்தியது.

அவள் வீட்டுச் சுவரில் அந்த ஓலை ஒருநாளும் இருந்ததில்லை. சந்தியாகு அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர மாட்டான். போன வருஷமும் நேரே கரைக்குப் போய், அவள் கண்ணெதிரே, வள்ளத்தின் முகப்பில் கட்டினான்.

ஒரு பலகைகூட மிஞ்சாமல் மூழ்கியது என்று லிகோரி பீடத்தின் முன்னால் சத்தியம் செய்தானே, அதே வள்ளம்.