இரவுக் குடும்பம், பகல் குடும்பம்

வீட்டுப் பற்றாக்குறைச் சட்டப்படி ஒரே வீட்டில் இரவு தவமலர் குடும்பம், பகலில் காந்திமதி குடும்பம். விடிந்ததும் கைமாற வேண்டும்.

அன்று தவமலர் வாசலில் வேப்பிலை செருகியிருந்தாள். மகளுக்கு அம்மை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை பிள்ளையை வெளியே கொண்டுபோக அவள் தயாராக இல்லை.

இரவு வேலை முடிந்து கணவனோடு வந்த காந்திமதி வேப்பிலையைப் பார்த்தாள்.

“நான் கிளம்ப மாட்டேன்க்கா,” என்றாள் தவமலர்.

“மூணாம் மாடியிலயும் ஆத்தா வந்திருக்கான்னுதான் வேப்பிலை கட்டி வீட்டை விடாம இருந்தாங்க. கடைசியில பார்த்தா வந்தது நாத்தனார்.”

தவமலர் போர்வையை விலக்கினாள். பிள்ளையின் முகமெல்லாம் முத்து.

காந்திமதி செருப்பைக் கழற்றினாள். “எங்க ரெண்டு பேருக்கும் சின்ன வயசிலேயே அம்மை போட்டாச்சு. தள்ளு.”

“இரண்டு குடும்பங்கள் உள்ளன. ஒன்று உடனே வெளியேறவும்,” என்றது ஆள் கணக்கெடுக்கும் கதவு.

“வேணாம்க்கா. ஆள் வந்து தூக்கிப் போட்டா ரெண்டு பேருக்குமே வீடு இல்லாமப் போயிடும்.”

“வரட்டும். ஆத்தா இருக்கிற வீட்டுக்குள்ள எவன் காலை வைக்கிறான்னு பார்ப்போம்,” என்று காந்திமதி கணவனையும் உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள்.