தூண் கொட்டிய சூடு

அநியாயம் நடந்தது மண்ணுக்கு. மலையூர் விடுதி ஒன்றின் அஸ்திவாரத் தூண், தன் வயிற்றுக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் வழியாகக் கோடை முழுக்க அறைகளின் சூட்டை இறக்கி வந்து மண்ணின் மடியில் கொட்டியது. குளிர்காலத்தில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் அறைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றுதான் பேச்சு. எடுத்ததா? எங்கே! குளிர் வந்ததும் மேலே மின்சார ஹீட்டரைப் போட்டார்கள். தூண் சுகமாகத் தூங்கிவிட்டது.

இப்படியே வருஷங்கள் போக, மண்ணுக்கு உடம்பெல்லாம் தகித்தது. "அக்கா, இன்னும் இருந்தா நான் வறுவல்தான்," என்று மண்புழு அடுத்த தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டது.

அடுத்த கோடையில் தூண் புதுச் சூட்டோடு வந்தது. மண்ணால் வாங்க முடியவில்லை.

"என்னக்கா இது? மேல எல்லாரும் வேர்த்து ஊத்தி என்னைத் திட்டுறாங்க. பொறுமைன்னாலே உன்னைத்தானே சொல்றாங்க! கொஞ்சம் பொறுத்துக்கயேன்," என்றது தூண்.

மண் சிரித்தேவிட்டது.

"குடுத்து வச்சதை நீ எடுத்தாத்தானே தம்பி, அடுத்ததுக்கு இடம் இருக்கும்? குளிர் வரட்டும், இந்தச் சூட்டையெல்லாம் அள்ளிக்கிட்டு மேல போ. அந்தப் பாராட்டையும் மறக்காம எடுத்துக்கிட்டுப் போயிடு. அதுவும் இடத்தை அடைக்குது!"