எரியாத வாயு

சாண எரிவாயுக் கலன் ஒன்றில் மீத்தேனும் கரியமில வாயுவும் ஒன்றாகக் குடியிருந்தன. அடுப்பில் எரிவது தான் மட்டுமே என்று மீத்தேனுக்கு ஏகப்பட்ட பெருமை.

“நீயும் எரியமாட்டே, என்னையும் ஒழுங்கா எரியவிடமாட்டே. தள்ளிப் போ!” என்று கரியமில வாயுவை ஓயாமல் விரட்டியது.

ஆடிக் காற்றில் காற்றாலைகள் தேவைக்கு மேல் மின்சாரம் தந்தன. மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து, கிடைத்த ஹைட்ரஜனைக் கலனுக்குள் விட்டார்கள். அடியில் கிடந்த நுண்ணுயிரி பாய்ந்து வந்து, ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்தே விழுங்கிவிட்டது.

“ஐயையோ, அவனைத் தின்னுட்டியே!” மீத்தேன் கத்தியது.

மறுநொடியே நுண்ணுயிரியிடமிருந்து அச்சு அசலாக இன்னொரு மீத்தேன் வெளியே வந்தது.

“யாருடா நீ?”

“நீங்க விரட்டின ஆளுதாண்ணே.”

“இது எப்படி நடக்கும்?” என்று மீத்தேன் நுண்ணுயிரியிடம் கேட்டது.

“உன்னையும் இப்படித்தானே செஞ்சேன், மறந்துட்டியா?” என்று கேட்டுவிட்டு நுண்ணுயிரி அடுத்த வாய்க்குப் போனது.

“அப்போ நானும் முன்னாடி கரியமில வாயுதானா…?” என்றது மீத்தேன்.

வெளியே யாரோ அடுப்பைத் திறந்தார்கள்.

“வாங்கண்ணே, கூப்பிடுறாங்க” என்றது புதியது. மீத்தேன் அதன் பின்னால் போனது.