விக்கலோடு ஒரு சிரிப்பு

ஹாலிவுட்டில் நான் எழுதும் நகைச்சுவைத் தொடர் டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. என் ஒவ்வொரு வசனத்துக்கும் டிவிக்குள் கூட்டம் கொல்லென்று சிரித்தது. பக்கத்தில் என் மனைவி லொரெட்டா உம்மென்று ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள்.

திடீரென்று டிவியில் ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். முடிவில் ஒரு விக்கல் வேறு.

"கேட்டியா? அவ ரசிகை! நீயும் இருக்கியே!"

"சும்மா அளக்காத வெர்னன். எப்பவோ பதிவு பண்ண சிரிப்பைத்தானே மெஷின்ல போட்டு ஒட்டுறீங்க?"

"இருக்கட்டுமே! சிரிப்பு நிஜந்தானே? எந்தப் புண்ணியவதியோ!"

"அந்த விக்கல் என்னோடது. கல்யாணத்துக்கு முன்னாடி டப்ளர் எழுதின காமெடி ஷோவைப் பார்க்கப் போயிருந்தப்ப பதிவு பண்ணாங்க."

டப்ளர் என் தொழில் எதிரி. ஆனால் அவன்மேல் கோபம்கூட வரவில்லை.

இத்தனை வருஷக் குடித்தனத்தில், அந்தச் சிரிப்பை நான் கேட்பது அதுதான் முதல் தடவை.