இரவல் கோட்டு

ஸ்டூடியோவின் கண்ணாடிக் கூரை வழியாக வெயில் வெள்ளையாக இறங்குகிறது. தூண்களும் படிக்கட்டும் வரைந்த திரைக்கு முன்னால், சலவைக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். போட்டிருக்கும் கோட்டு ஒரு வாடிக்கையாளருடையது. மகளைப் பெண் கேட்டவர்களுக்குப் போகிற படம் இது. தொழில் அதில் தெரிந்துவிடக் கூடாது. பின்னால் நிற்கும் மனைவியின் கை அவர் தோளில் இருக்கிறது. "நீங்கதான் மாப்பிள்ளைன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்று முணுமுணுக்கிறாள். "சும்மா இருடி, சிரிப்பு வருது." படக்காரர் "ஆடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கேமராவின் மூடியைக் கழற்றுகிறார். கோட்டுத் தோளில் ஒரு சிறு சுருக்கம். அவள் விரல்கள் தாமாகவே அதை நீவிவிடுகின்றன.

"கை ஆடிருச்சும்மா. படத்துல புகை மாதிரி விழும்." "சுருக்கத்தப் பாத்தா இந்தக் கை சும்மா இருக்காதுங்க" என்கிறாள், சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். படக்காரர் அடுத்த படத்துக்கான கண்ணாடித் தட்டைக் கேமராவில் செருகுகிறார். மறுபடியும் மூடி திறக்கிறது. கணவர் மூச்சு விட்டதில் அதே இடத்தில் சுருக்கம் விழுகிறது. அவள் கேமராவையே பார்க்கிறாள். தோளிலிருந்து எடுத்த கையை அவள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு கை இறுகப் பிடித்திருக்கிறது.